கீழ் வரிசை எட்டுப் பீப்பாய்கள்

செல்வி, போன வாரம் போனில் நீ கேட்ட கேள்விக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. மருந்து கம்பெனியில் உனக்குத் தனியாகக் கையெழுத்துப் போடும் அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள், பேனாவை எடுத்தாலே கை நடுங்குகிறது, இத்தனை வருஷம் நீங்கள் எப்படிப்பா போட்டீர்கள் என்று கேட்டாய். போகப் போகப் பழகிவிடும் என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பொய். எனக்குப் பழகவே இல்லை. ரிட்டயர் ஆன அன்றைக்குக் காலையில்கூட கடைசி ரிப்போர்ட்டில் பேர் எழுதும்போது வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டுதான் எழுதினேன்.

ஏன் என்று உனக்குத் தெரிய வேண்டும். தம்பிகளுக்கும் தெரியட்டும். அவர்களுக்குத் தமிழ் கேட்டால் புரியும், வாசிக்க வராது, நீதான் படித்துக் காட்ட வேண்டும். நான் ஏழாவது வரை படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

அப்பா சாராயக் கம்பெனியில் ருசி பார்க்கிற வேலை என்று நீங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லக் கூச்சப்பட்டது எனக்குத் தெரியும். உங்கள் அம்மா வீட்டுப் பக்கத்தில் சிலர் நம் வீட்டில் கை நனைக்கவே யோசித்தார்கள். நான் ஒரு மடக்கு விழுங்கியவன் இல்லை. வாயில் வைப்பேன், சுழற்றுவேன், துப்புவேன். அவ்வளவுதான் என் உத்தியோகம். யாங்கோனில் துப்புவதற்குச் சம்பளம் வாங்குகிற ஆள் நீ ஒருத்தன்தான், மற்றவர்கள் எல்லாரும் வெற்றிலை போட்டு இலவசமாகத் துப்புகிறார்கள் என்று கோ மியோ சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். இந்தக் கதை அந்தக் கோ மியோவைப் பற்றியதுதான்.

பாட்டில் கழுவுகிற ஆளாகத்தான் உள்ளே போனேன். கழுவ வந்த மூடிகளை மோந்து பார்த்து இது எந்தத் தொட்டிச் சரக்கு என்று விளையாட்டாகச் சொல்லிக்கொண்டிருந்ததை டாவ் சான் யி கேட்டுவிட்டார். ருசிக்கூடத்தின் தலைவி அவர். பர்மாக்காரர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், கம்பெனியில் எல்லாருக்கும் சயாமா. டீச்சரம்மா என்று நாம் சொல்கிற மாதிரி. இரண்டு வருஷம் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, மோந்து எழுது, பேசாதே என்றார். நான் எழுதியது சரியா தப்பா என்று ஒரு நாளும் சொன்னதில்லை. நான் எழுதி முடித்ததும் தன் தாளை என் தாளுக்குப் பக்கத்தில் வைப்பார். நானே இரண்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பார்த்து முடித்தேன் என்று தெரிந்ததும் கிளாஸைக் கவிழ்த்துவிடுவார். கவிழ்த்தால் அதைப் பற்றி இனிப் பேச்சில்லை.

அவர் வைத்த சட்டங்கள் நம் வீட்டுக்குள்ளேயும் வந்துவிட்டன, உனக்கு ஞாபகம் இருக்கும். வேலை நாளில் எனக்கு மட்டும் காலையில் வெறும் கஞ்சி. ங்கப்பி மீன்விழுது கிண்டினால் நான் வாசலுக்குப் போய்விடுவேன். அம்மா மல்லிகைப்பூவை என் சட்டை தொங்குகிற பக்கம் கொண்டுவரக் கூடாது. முகத்தில் தனக்காப் பட்டையை அரைத்துப் பூசிய நீங்கள் என் மேல் சாய்ந்தால் சட்டையை மாற்றிக்கொண்டுதான் கிளம்புவேன். பாசம் இல்லாத அப்பா என்று அப்போது நினைத்திருப்பீர்கள்.

இன்னொரு சட்டமும் உண்டு. ஒவ்வொரு கிளாஸுக்கும் நடுவில் வாயைக் கொப்பளிக்க வேண்டும். எந்தத் தண்ணீர் என்பது முக்கியமில்லை, தினமும் அதே தண்ணீராக இருக்க வேண்டும் என்பார் சயாமா. அவர் தன் வீட்டிலிருந்து ஃபிளாஸ்கில் வெந்நீர் கொண்டுவருவார். ஃபிரிட்ஜ் தண்ணீர் நாக்கை மரக்கவைக்கும், பெரிய ஜாடித் தண்ணீரில் பிளாஸ்டிக் வாடை. அதனால் நான் ஃபேக்டரி வாசலில் வழிப்போக்கருக்கு வைத்திருக்கிற மண்பானைத் தண்ணீரை ஒரு எனாமல் மக்கில் பிடித்து வைத்துக்கொள்வேன். ஆரம்பத்திலிருந்து அதுதான். பழைய பானைகள், பச்சைப் பாசி பிடித்தவை. அந்தத் தண்ணீருக்கு ஒரு ருசியும் கிடையாது. சயாமாவும் சரி என்றார்.

அரிசிச் சரக்கில் கலவை போட்டு விற்றுக்கொண்டிருந்த கம்பெனிக்கு ஒரு நாள் அமெரிக்க மாதிரி விஸ்கி செய்யும் ஆசை வந்தது. ஷான் மலைப்பக்கத்து மக்காச்சோளம், உள்ளே நெருப்பால் கருக்கிய புது ஓக் மரப் பீப்பாய்கள். அமெரிக்காவில் செய்தால்தான் பர்பன் என்று லேபிளில் போடலாமாம். நாங்கள் எங்களுக்குள்ளே பர்பன் என்றே சொன்னோம். நூற்றுக்கு அறுபத்திரண்டு பங்கு ஆல்கஹால் இருக்கிற மாதிரி நிரப்பினோம். ஆற்றோரத்துக் கோடவுனில் இரண்டு வரிசை. மேல் வரிசை தகரக் கூரைக்குக் கீழே, வெயில் நாளில் கை வைக்க முடியாத சூடு. கீழ் வரிசை சிமெண்ட் தரையை ஒட்டி, மழைக்காலத்தில் சுவரில் தண்ணீர் வழியும். கீழ் வரிசையில் எட்டுப் பீப்பாய்கள். கோடவுன் சாவி கோ மியோவிடம்.

இளசாக இருக்கிற, இவ்வளவு வீரியமான சரக்கைப் பார்ப்பது எப்படி என்று சொல்கிறேன். உன் வேலையும் ஒருவகையில் இதுதான்.

கிளாஸின் மேல் சின்னக் கண்ணாடி மூடி இருக்கும். மூடியை எடுத்ததும் மூக்கை உள்ளே விட்டால் தொலைந்தாய், அன்றைக்கு முழுக்க மூக்கு செத்துவிடும். கிளாஸைத் தாடைக்கு நேரே பிடித்து, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, வருவது வரட்டும் என்று இருக்க வேண்டும். முதலில் நகப்பூச்சு மாதிரி ஒரு வாடை குத்தும். அது போனதும் அறுத்த பலகை, வாழைக்காய்த் தோல், பச்சைச் சோள மாவு. கடைசியில் அடிப்பிடித்த வெல்லப்பாகு. பிறகு அரை டீஸ்பூன் வாயில். முதல் மடக்கு ஒன்றும் சொல்லாது. வாய் பயந்துபோயிருக்கும். துப்பிவிட்டு அறுபது எண்ணி, இரண்டாவதை வைக்க வேண்டும். அப்புறம் காய்ச்சி வடித்த தண்ணீரை அளந்து ஊற்றி, வீரியத்தைப் பாதிக்கு இறக்கி, பத்து நிமிஷம் மூடி வைத்து, மறுபடி மோந்து, மறுபடி வாயில். தண்ணீர் பட்டதும் உள்ளே ஒளிந்திருந்ததெல்லாம் வெளியே வரும். நல்லதும் வரும், கெட்டதும் வரும்.

இளசுக்குச் சூடு இருக்கலாம், முரட்டுத்தனம் இருக்கக் கூடாது. இரண்டும் வேறு. சூடு நாக்கின் மேலே ஓடிப் போய்விடும். முரடு தொண்டை முகப்பில் உட்கார்ந்து சுரண்டும். இதைப் பிரித்துச் சொல்ல எனக்கு ஆறு வருஷம் ஆயிற்று. ஒரு காலையில் ஆறு கிளாஸ், அதற்கு மேல் நாக்கு பொய் சொல்லும். இது சயாமா சொன்னது. நாக்கு வேறு காரணத்துக்காகவும் பொய் சொல்லும் என்று அவர் சொல்லவில்லை.

கோ மியோ நம்மைப் போலத் தாகேதாப் பேட்டைக்காரன், மூன்று தெரு தள்ளி வீடு. கம்பெனி ஆட்களை ஏற்றிப் போகிற பஸ்ஸை நாங்கள் ஃபெரி என்போம், அதில் அவன் எனக்கு முந்தின நிறுத்தத்தில் ஏறிப் பக்கத்து சீட்டில் லஞ்ச்பாக்ஸை வைத்து இடம் பிடித்திருப்பான். யாராவது உட்காரப் போனால், இது கம்பெனி நாக்கு உட்காருகிற இடம், நகருங்கள் என்பான். உன்னைவிட ஒரு வயது மூத்த மகள் அவனுக்கு. அந்த வருஷம் அவள் பத்தாவது பாஸ் செய்தாள். இரண்டாவது தடவையில். அந்தச் சந்தோஷத்தில் அவனும் பெண்டாட்டியும் புண்ணியத்துக்காக ஃபேக்டரி வாசலில் புதுத் தண்ணீர்ப் பந்தல் போட்டார்கள். விரிசல் விட்ட பழைய பானைகளை எடுத்துவிட்டு இரண்டு புதுப் பானை, மர ஸ்டாண்டு, மேலே தகரக் கூரை, அதில் குடும்பத்தார் பேர் எழுதிய பலகை. மழைக்காலம் முடிகிற தடின்ஜுட் விளக்குத் திருநாள் லீவில் அது நடந்தது.

லீவுக்கு முன்னால் நானும் சயாமாவும் மேல் வரிசையை ருசி பார்த்து முடித்திருந்தோம். இரண்டு கையெழுத்துப் போட்டு ரிப்போர்ட் போயிற்று. கீழ் வரிசை பாக்கி. சயாமா லீவையும் சேர்த்துப் பத்து நாள் தியான மடத்துக்குப் போய்விட்டார். அங்கே போன் கிடையாது, பேச்சே கிடையாது. போகும்போது, நீ தனியாகப் பார்க்கலாம், நேரம் வந்துவிட்டது என்றார். உனக்குப் போன மாதம் எப்படி இருந்ததோ எனக்கு அன்றைக்கு அப்படி இருந்தது. பெருமை ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம்.

லீவு முடிந்து வியாழக்கிழமை. வாசலில் புதுப் பானைத் தண்ணீரை மக்கில் பிடித்தேன். ஒரு வாய் குடித்தேன். கோ மியோ பக்கத்திலேயே நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பானை நல்ல வாசனையாக இருக்கிறது, முதல் மழை பெய்த மாதிரி என்றேன். அவனுக்கு முகம் கொள்ளாத சந்தோஷம். இதை நான் என் வாயால் சொன்னேன், செல்வி. என் வாயால் சொல்லிவிட்டு ருசிக்கூடத்துக்குள் போனேன்.

உள்ளே மேனேஜர் உட்கார்ந்திருந்தார். அதுவரை அவர் அந்த அறைக்குள் வந்ததே இல்லை. கையில் எட்டு அட்டைகள். ஒவ்வொரு பீப்பாயிலும் தொங்குகிற அட்டை, அளவு எழுதுவது. மேசையில் பரப்பிக் காட்டினார். மேல் வரிசையில் வீரியம் அறுபத்திரண்டிலிருந்து கொஞ்சம் ஏறியிருக்கிறது, கீழ் வரிசையில் ஐம்பத்தொன்பதுக்கு இறங்கியிருக்கிறது. அது மட்டுமில்லை. மேல் வரிசையில் சரக்கு நன்றாக வற்றியிருக்கிறது, கீழ் வரிசையில் அவ்வளவாக வற்றவில்லை. வீரியம் குறைந்தது, சரக்கு குறையவில்லை. இதற்கு என்ன அர்த்தம் என்று என்னைக் கேட்டார். யாரோ சரக்கை எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றியிருக்கிறான், அதுதான் அர்த்தம் என்று அவரே சொன்னார். சாவி யாரிடம் இருக்கிறது என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் வாயில் வைத்துப் பார்த்து எழுதிக் கொடுங்கள் ஊ முத்தையா என்றார். அதுவரை கோ முத்து என்று கூப்பிட்டவர், அன்றைக்குப் பெரிய மனுஷனுக்குப் போடுகிற ஊ போட்டார். அதுவும் எனக்கு இனித்தது.

மக்கில் கொப்பளித்தேன். முதல் கிளாஸ். தேடினேன். நான் அன்றைக்கு ருசி பார்க்கவில்லை, தேடினேன். சோளம் இருந்தது, பலகை இருந்தது, வெல்லம் இருந்தது. தண்ணீர் ஊற்றி மூடி வைத்து மறுபடி மோந்தபோது ஒன்றும் புதிதாக இல்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு வைத்தபோது பின்னால், ரொம்பப் பின்னால், ஈர மண். இரண்டாவது கிளாஸ், அதே மண். நாலாவதில் சந்தேகமே இல்லை. பானைத் தண்ணீர். கோடவுனுக்குப் பக்கத்தில் வேறு தண்ணீர் ஏது, வாசல் பானைதான் இருக்கிறது என்று மனசு வேகமாகக் கணக்குப் போட்டது. மழைக்காலம் முழுக்க அங்கே இருந்தது பழைய பானைகள், வாசனையே இல்லாதவை, புதுசு வந்து நாலு நாள்கூட ஆகவில்லை என்கிற கணக்கை மட்டும் போடவில்லை. வாயில் நுழைவதற்கு முன்னால் மூக்குக்கு ஏன் மண் தெரியவில்லை என்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

எழுதினேன். ஆறு கிளாஸ் சட்டத்தை மீறி எட்டையும் பார்த்து, எட்டிலும் மண்பானைத் தண்ணீர் வாசனை என்று. கீழே கையெழுத்து, முத்தையா. ஒரே கையெழுத்து. அன்றைக்குக் கை நடுங்கவில்லை.

சாயங்காலத்துக்குள் கோ மியோவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். முதலில் யாரோ வேடிக்கை செய்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்தானாம். வெள்ளிக்கிழமை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். திங்கட்கிழமை பத்து மணிக்கு வந்து ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால் வேலையோடு போகும், இல்லையென்றால் போலீஸ். வாசலில் பானை வைத்ததே தண்ணீர் கைக்கெட்ட இருக்கட்டும் என்றுதான் என்று மேனேஜர் சொன்னதாக ஆபீஸ் முழுக்கப் பேச்சு. மகள் பேரில் செய்த புண்ணியம் இப்படி ஆயிற்று.

அவன் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் எனக்காக நின்றான். எங்கள் பேச்சு பர்மீஸில்தான், நான் தமிழில் எழுதுகிறேன்.

"நீயா எழுதின?"

"வாயில என்ன வந்துச்சோ அதை எழுதினேன்."

"நான் ஊத்தினேன்னு வந்துச்சா?"

அவன் ஃபெரியில் ஏறாமல் நடந்தே போனான்.

வெள்ளிக்கிழமை ஃபெரியில் பக்கத்து சீட்டு காலி. யாரும் உட்காரவில்லை, அவன் லஞ்ச்பாக்ஸ் இல்லாமலே. அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா கேட்டதற்கு வாயில் புண் என்றேன். சந்தேகம் எப்போது வந்தது என்று எனக்கே தெரியாது. சனிக்கிழமை அரை நாள் வேலை. ருசிக்கூடத்தில் நான் மட்டும். பீப்பாயில் நிரப்பிய அன்றைக்கே எடுத்து வைத்த சரக்கு ஒரு பாட்டில் அலமாரியில் உண்டு. கண்ணாடிப் பாட்டில், அரக்கு முத்திரை. மரத்தையே பார்க்காத சரக்கு, பிறகு ஒப்பிட வேண்டும் என்றால் சயாமா மட்டும் உடைக்கலாம். நான் உடைத்தேன்.

மக்கில் கொப்பளித்தேன், வாயில் வைத்தேன். மண்.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பாட்டிலுக்குள் யார் போய்ப் பானைத் தண்ணீர் ஊற்றினார்கள்? மக்கை எடுத்து மோந்தேன். அங்கேதான் இருந்தது, வெட்ட வெளிச்சமாக. முதல் மழை மாதிரி என்று நான் மெச்சிய வாசனை. அறுபது பங்கு ஆல்கஹால் என் வாயிலிருந்த ஈரத்தோடு கலந்து அதைத் தூக்கிக் காட்டியிருக்கிறது. புதுப் பானையில் சமைக்கிறதுக்கு முன்னால் உங்கள் அம்மா மூன்று நாள் ஊறவைத்து ஊறவைத்துக் கொட்டுகிறாளே, அது எனக்குத் தெரியாதா?

அடுத்து என்ன செய்தேன் என்பதை அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை. அரக்கை உருக்கி அந்தப் பாட்டிலுக்கு மறுபடி முத்திரை வைத்தேன். அலமாரியில் பழைய இடத்திலேயே வைத்தேன். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க நீ மெட்ரிக் பரீட்சைக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாய். தம்பிகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் உங்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எனக்கு இருக்கிறது ஒரு நாக்கு. ஏழாவது படித்தவனை அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள். அது தப்புச் சொல்லும் என்று நானே போய்ச் சொன்னால் மறுபடி பாட்டில் கழுவக்கூட வைப்பார்களா தெரியாது. வேறு எங்கே போவேன்? துப்பத் தெரியும் என்று சொல்லி யாரிடம் வேலை கேட்பேன்? பேசாமல் இருந்தால் ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை. இரண்டு வாரத்தில் பானை பழகிவிடும், மண் வாசனையும் போய்விடும். மூன்று தெரு தள்ளி அவனும் ஒரு பெண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான் என்பதையும் நினைத்தேன். இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்தேன். நான் நல்லவன் என்று காட்ட இதை எழுதவில்லை. அன்றைக்கு மத்தியானம் வரை பேசாமல் இருப்பது என்றுதான் முடிவு செய்திருந்தேன். பிறகு மாற்றினேன். பிறகு மறுபடி மாற்றினேன். திங்கட்கிழமை ஃபெரியிலிருந்து இறங்கும்போதுகூட எனக்கே தெரியாது.

சயாமா ஏழு மணிக்கே வந்திருந்தார். தியானத்திலிருந்து வந்தவர், இன்னும் பேச்சு முழுதாகத் திரும்பாத மாதிரி மெதுவாக இருந்தார். என் ரிப்போர்ட் அவர் மேசையில். பக்கத்தில் அந்தப் பாட்டில்.

"கோ முத்து, அரக்கு புதுசா இருக்கே."

அதற்குப் பிறகு நான் நிறுத்தவில்லை. பானை, மக்கு, வியாழக்கிழமை, சனிக்கிழமை எல்லாம் சொன்னேன். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, அடடா என்றும் சொல்லவில்லை. மணி ஏழரை. பத்து மணிக்குக் கோ மியோ வருவான். அவர் என்னை மேனேஜரிடம் ஓடச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் கிளாஸ்களைக் கழுவ ஆரம்பித்தார்.

கழுவி, துடைத்து, வெளிச்சத்தில் பார்த்து, மறுபடி ஒன்றைத் துடைத்து. என்னை வெளியே போகச் சொல்லி மூன்று கிளாஸ் ஊற்றி மூடி, அடியில் நம்பர் ஒட்டினார். மூன்றில் இரண்டு ஒரே சரக்கு, ஒன்று வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும். முதலில் பானைத் தண்ணீரில் கொப்பளித்துப் பார்க்கச் சொன்னார். மூன்றிலும் மண். எது வேறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. எழுது என்றார், எழுதினேன். இருபது நிமிஷம் சும்மா உட்காரச் சொன்னார். எட்டரை ஆயிற்று. பிறகு தன் ஃபிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் கொடுத்து, புதிதாக மூன்று. மண் இல்லை. நடுக்கிளாஸ் வேறு என்றேன், அதில் மரம் அதிகம். எழுது என்றார். அப்புறம் இன்னொரு மூன்று. அப்புறம் கீழ் வரிசை எட்டிலிருந்தும் ஒவ்வொன்று. ஆறு கிளாஸ் சட்டத்தை அன்றைக்கு அவரே உடைத்தார். எட்டிலும் சோளம், பலகை, வெல்லம். இளசு, சூடு உண்டு, முரடு இல்லை. உண்மையில் மேல் வரிசையைவிடக் கீழ் வரிசை நயமாக இருந்தது. தன் தாளை என் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். பார்த்தேன். கிளாஸ்களைக் கவிழ்த்தார்.

"போன ரிப்போர்ட்ல உன் ஒரு கையெழுத்து. இதுலயும் உன் ஒரு கையெழுத்துதான் இருக்கணும்."

நானும் போடுகிறேன் என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. பேனாவை நீட்டினார். என் கை நடுக்கம் அன்றைக்கு ஆரம்பித்ததுதான், செல்வி.

மேனேஜர் அறைக்குள் நான் போனபோது பத்துக்கு ஐந்து நிமிஷம். கோ மியோ வெளியே பெஞ்சில், துவைத்த சட்டை, இஸ்திரி போட்ட லோஞ்சிக் கைலி. போலீஸுக்குப் போக வேண்டி வந்தால் மரியாதையாகப் போகலாம் என்று உடுத்தி வந்த மாதிரி இருந்தது. மேனேஜர் என் தாளை இரண்டு தடவை படித்தார். கம்பெனி நாக்கு என்று ஒன்று வைத்திருந்தோம், அது ஒரு பானை என்று இப்போது தெரிகிறது என்றார். அந்த அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. நான் பொய்ச் சாட்சி என்று ஆயிற்றே தவிர அவன் குற்றம் இல்லாதவன் என்று ஆகவில்லை. அட்டையில் நம்பர் அப்படியேதானே இருந்தது. கோ மியோவைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், ஆனால் கோடவுனுக்கு இரண்டாவது பூட்டு வந்தது, அதன் சாவி மேனேஜரிடம். பீப்பாய் பார்க்கப் போகும்போதெல்லாம் அவன் போய் அனுமதி கேட்டு நிற்க வேண்டும். என்னை ஒரு வருஷம் கையெழுத்துப் போடக் கூடாது என்று நிறுத்தினார்கள். பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுகிற வேலை செய்தேன். ஃபெரியில் அவன் முன்னால் உட்கார்ந்தான், நான் பின்னால். வாசல் பானையை ஒருத்தரும் தொடவில்லை. நான் எழுதிய ரிப்போர்ட்தான் காரணம்.

அடுத்த மழைக்காலம் வந்து போயிற்று. இரண்டு பூட்டும் பூட்டியபடி இருக்க, கீழ் வரிசை மறுபடி இறங்கியிருந்தது. மேல் வரிசை ஏறியிருந்தது. ஈரத் தரையில் மரத்துக்குள்ளிருந்து தண்ணீர் வெளியே போவதில்லை, ஆல்கஹால்தான் போகிறது, அதனால் சரக்கு வற்றாமல் வீரியம் மட்டும் குறைகிறது, கூரைச் சூட்டில் அதற்கு நேர்மாறு என்று சயாமா ஒரு தாளில் படம் போட்டு எல்லாருக்கும் விளக்கினார். மேனேஜர் இரண்டாவது பூட்டை எடுத்துவிட்டார். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் ஃபெரியில் கோ மியோ பின்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். பசுண்டவுங் பாலம் வந்தது. அப்புறம் கேட்டான்.

"ஒண்ணு மட்டும் சொல்லு. நாக்குல வச்சப்புறம் நான்னு நினைச்சியா, இல்ல அதுக்கு முன்னாடியா?"

இதற்கும் வாயில் வந்ததைத்தான் எழுதினேன் என்று சொல்லியிருக்கலாம். பாலத்தில் வண்டி நெரிசலில் நின்றுவிட்டது. அவன் காத்துக்கொண்டிருந்தான்.

"முன்னாடி. மேனேஜர் அட்டையைக் காட்டினாரு. அப்பவே நினைச்சுட்டேன்."

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான்.

"அப்போ பானை இல்லேன்னாலும் உனக்கு வேற ஏதாவது வாசனை வந்திருக்கும்."

கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு ஒரு விஷயத்தைப் புரியவைக்கிற மாதிரிதான் சொன்னான். பதினாறு வருஷம் பக்கத்து சீட்டில் வந்தவனைப் பற்றி எட்டு அட்டை பார்த்த நேரத்தில் நான் நினைத்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் நாக்கு மண்ணைக் கண்டுபிடித்தது. பானையை நான் இத்தனை நாள் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் நிறுத்தம் வந்தபோது அவன் எழுந்து எனக்கு வழி விட்டான், நான் இறங்கினேன். இப்போதும் கடைத்தெருவில் பார்த்தால் நின்று பேசுவான், உன்னைப் பற்றிக் கேட்பான். சிரிப்பான். ஆனால் துப்புகிறதைப் பற்றிய அந்த வேடிக்கையை அதற்கப்புறம் அவன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

உன் கை நடுங்குவதை நிறுத்த நான் வழி சொல்ல மாட்டேன், செல்வி. நிறுத்தவும் பார்க்காதே. உன் மேசைக்கு யாராவது, இது இன்னாருடைய தப்பாகத்தான் இருக்கும், நீ பார்த்து எழுதிக் கொடு என்று சொல்லிக்கொண்டு ஒரு தாளோடு வருவார்கள். அன்றைக்குக் கை நடுங்காவிட்டால் பேனாவைக் கீழே வைத்துவிடு.